ஹார்னஸ் வண்டியில் இருக்கிறது

ஆரஞ்சு ஜாக்கெட்டை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்ததும் படுத்திருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர், அதை மட்டும் வெட்டாதீங்க, எங்க அப்பா போட்டது." வயது அறுபதுக்கு மேல். கழுத்தில் பட்டை, முதுகெலும்பு உடைந்திருக்குமோ என்ற சந்தேகம், ஆனால் அவருக்குக் கவலை ஜாக்கெட்டைப் பற்றி. சரி, திரும்பத் தைக்க வசதியாக இருக்கட்டும் என்று தையல் ஓரமாகவே வெட்டினேன். உள்ளேயிருந்து ஈரச் சருகு கொட்டியது.

"ஹார்னஸ் போட்டிருந்தீங்களா?" உயரத்திலிருந்து விழாமல் காக்கும் பட்டையைத்தான் கேட்டேன்.

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "இருக்கு. வண்டியில இருக்கு."

விஸ்கான்சினில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு நவம்பர் வந்தால் இந்தப் பதில் மனப்பாடம். அமெரிக்காவின் இந்த வட மாநிலத்தில் துப்பாக்கியோடு மான் வேட்டையாட ஒன்பது நாள் பருவம் உண்டு. நவம்பர் நான்காவது வியாழனில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். உரிமம் வாங்குபவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த நமக்கு மான் வேட்டை என்றாலே வழக்கு, கைது என்றுதான் மனம் போகும். இங்கே அது தாத்தா பேரனுக்குச் சொல்லிக் கொடுக்கும் திருவிழா. காட்டில் வெள்ளைவால் மான்கள் பத்து லட்சத்துக்கும் மேல் திரிகின்றன. எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க அரசும் வேட்டைக்காரர்களைத்தான் நம்பியிருக்கிறது.

வேட்டைப் பருவத்தில் துப்பாக்கிக் காயங்கள்தான் குவியும் என்று நானும் முதல் வருடம் நினைத்தேன். வந்தவர்களில் பெரும்பாலோர் மரத்திலிருந்து விழுந்தவர்கள்.

நம் ஊரில் தினைப்புனம் காக்கப் பரண் கட்டினார்கள். இங்கே மான் தடத்தைப் பார்த்தபடி மரத்தில் பரண் கட்டுகிறார்கள். பதினைந்து, இருபது அடி உயரத்தில் ஒரு இரும்பு இருக்கை, அதைப் பிடித்து வைத்திருக்கும் நைலான் பட்டை, ஏற ஒரு ஏணி. விடியுமுன் இருட்டில் ஏறி, விறைத்துப்போய் உட்கார்ந்திருந்து, மறுபடி இருட்டில் இறங்குவார்கள்.

சி.டி. ஸ்கேனுக்குக் காத்திருக்கும்போது இவர்களிடம் கதை கேட்க வேண்டும். கொம்பில் எத்தனை முனை, எந்தப் பக்கம் காற்று, கை நடுங்கிக் குறி தப்பியது, மான் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது, எல்லாம் வரும். இடுப்பு உடைந்த வலியிலும் பத்து முனைக் கொம்பின் அகலத்தை இரண்டு கையாலும் காட்டியவரைப் பார்த்திருக்கிறேன். விழுந்த கதை மட்டும் வராது. "கால் வழுக்கிடுச்சு" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். வெட்கம். வேட்டை முகாமில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசும்போதும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். மாமா 1998ல் சுட்ட ஆண் மானைப் பற்றி அங்கே இருக்கும் பதினாறு வயதுப் பையனுக்குத் தெரியும். அதே மாமாவின் குதிகாலில் ஏன் திருகாணி இருக்கிறது என்று யாரும் அவனுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதனால் நான் துருவித் துருவிக் கேட்பேன். துண்டு துண்டாகக் கிடைத்ததைச் சேர்த்தால் ஒன்று தெரிகிறது: இருக்கையில் தூங்கி விழுந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பலரும் ஏறும்போதோ இறங்கும்போதோ, குறிப்பாக ஏணியிலிருந்து பலகைக்குக் கால் மாற்றும் அந்த ஒரு அடியில் விழுந்தவர்கள். அடுத்தது, பட்டை அறுந்தது. போன வருடம் கட்டியதை அவிழ்க்காமல் விட்டிருப்பார்கள். வெயில் நைலானை நைய வைக்கும், மரம் பருத்துப் பட்டையை இழுக்கும், அணில் வேறு கடித்திருக்கும். கீழிருந்து பார்த்தால் நன்றாகத்தான் தெரியும்.

இருபது அடியிலிருந்து தரைக்கு வர ஒரு விநாடிக்குச் சற்றே கூடுதல். எதையும் பிடிக்க நேரமிருக்காது. தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 39 கிலோமீட்டர். ஸ்கூட்டரில் போய்ச் சுவரில் மோதியது போல. நின்ற நிலையில் விழுந்தால் குதிகால் எலும்பு நொறுங்கும். அதே விசை காலில் ஏறி இடுப்புக்கு மேலுள்ள முதுகெலும்பை நசுக்கும். அதனால்தான் குதிகால் வலிக்கிறது என்று வருபவருக்கும் முதுகைப் படம் எடுக்கச் சொல்கிறோம். முறிந்த எலும்புத் துண்டு தண்டுவடத்தில் அழுத்தினால், காலில் உணர்ச்சி திரும்புமா என்பது அன்றைக்கே யாருக்கும் தெரியாது.

விழுந்த பிறகு கிடக்கும் நேரம் இன்னொரு ஆபத்து. எழுந்திருக்க முடியாது, போன் மேலே பையில் தொங்கும், வெளியே உறைபனி. உடல் நடுங்கும்வரை இன்னும் போராடுகிறது என்று அர்த்தம். குளிர் குறையாமலே நடுக்கம் நின்று பேச்சுக் குழறினால், அது மோசமான கட்டம்.

ஹார்னஸ் என்றால் தோள், மார்பு, தொடை மூன்றையும் பூட்டும் முழு உடல் பட்டை. இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் போதாது, விழும்போது அதுவே வயிற்றை அறுக்கும். மேலே போய் உட்கார்ந்த பிறகு மாட்டிக்கொள்பவர்கள் பலர், ஆனால் விழுவது அதற்கு முன்னால் அல்லவா? இருக்கைக்கு மேலே மரத்திலிருந்து தரைவரை ஒரு கயிறு கட்டி, அதில் கையால் தள்ளினால் நகர்ந்து, எடை விழுந்தால் இறுகும் முடிச்சோடு ஹார்னஸை இணைத்து, முதல் படியில் கால் வைப்பதிலிருந்து கடைசிப் படியில் இறங்கும்வரை கோர்த்தே இருக்க வேண்டும். தொங்க நேர்ந்தால் தொடைப்பட்டை இரத்த ஓட்டத்தை அழுத்திக் காலில் இரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். கால் ஊன்றி நிற்கச் சின்னக் கண்ணிப் பட்டை ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். போனும் அங்கேயே. எந்த மரம் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

துப்பாக்கி விஷயத்தில் இந்த மாநிலம் எப்போதோ பாடம் படித்துவிட்டது. 1980 முதல் பளிச்சிடும் ஆரஞ்சு கட்டாயம், இடுப்புக்கு மேல் உடையில் பாதியாவது. 2016லிருந்து பளீர் இளஞ்சிவப்பும் சரி. (மானுக்கு ஆரஞ்சு நம்மைப்போல் பளிச்சென்று தெரியாது.) 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் இன்னும் பார்க்கிறேன்: துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டே ஏறுவது. தோட்டாவை எடுத்துவிட்டு, மேலே போய் உட்கார்ந்த பின் கயிற்றால் இழுத்துக்கொள்ளுங்கள், குழல் உங்களைப் பார்க்காதபடி.

அப்புறம் இதயம். ஆண்டு முழுக்க மேசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு நாள் எழுபது கிலோ மானைப் பனியில் இழுப்பவர்களை நினைத்தாலே எனக்குப் படபடக்கும். மிச்சிகனில் 25 ஆண்களுக்கு இ.சி.ஜி. மாட்டி வேட்டைக்கு அனுப்பிய ஆய்வு 2007ல் வந்தது. சிலருக்கு டிரெட்மில் பரிசோதனையில் எட்டியதைவிட அதிகமாக இதயம் துடித்திருந்தது. இழுக்க வண்டி கொண்டுபோங்கள், இல்லையென்றால் ஆள் கூப்பிடுங்கள். மார்பில் அழுத்தம் வந்தால் மானை அங்கேயே போட்டுவிட்டு அவசர எண் 911ஐக் கூப்பிடுங்கள்.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடிசனிலும் மில்வாக்கியிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நவம்பர் கடைசியில் காட்டுப் பாதையில் நடக்கப் போனால், குழந்தைக்கும் நாய்க்கும் சேர்த்தே ஆரஞ்சு வாங்குங்கள். மாநிலப் பூங்காக்கள் பலவற்றிலும் அப்போது வேட்டை நடக்கும். அலுவலக நண்பர் மான் கறி கொடுத்தால், பரிசோதித்தாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சி.டபிள்யூ.டி. என்ற மூளை நோய் விஸ்கான்சின் மான்களில் 2002ல் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை, ஆனாலும் நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. நோயை உண்டாக்கும் புரதம் வெந்தால் அழிவதில்லை. குக்கரில் பத்து விசில் விட்டாலும் ஒன்றுதான். மாநில இயற்கை வளத் துறை இலவசமாகவே பரிசோதித்துத் தருகிறது.

ஜாக்கெட்காரருக்கு இடுப்பு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த நவம்பரில் கைத்தடியோடு வந்தார், அதே ஜாக்கெட், வெட்டிய இடத்தில் மனைவி போட்ட தடித்த தையல். இப்போது தரையில் நாற்காலி போட்டுத்தான் உட்காருகிறாராம். பேரன் மரத்தில் ஏறுகிறான். "முதல் நாள் ராத்திரியே விழுந்த கதையைச் சொல்லிட்டேன், முழுசா," என்றார். "ஹார்னஸ் வண்டியில இருந்ததையும்." போகும்போது ஒரு பொட்டலம் மான் சாசேஜ் கொடுத்தார். பரிசோதனை முடிவின் நகலை மேலே ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றியிருந்தார்.