கிராஃப்ட்டிரைகாம்ப்ஃ: சொல் விளக்கம்

பவர்லிஃப்டிங் விளையாட்டுக்கு ஜெர்மன் மொழியில் 'கிராஃப்ட்டிரைகாம்ப்ஃ' என்று பெயர். நாக்கு சுளுக்கிக்கொள்ளும் போலிருந்தாலும் பிரித்தால் மூன்றே துண்டுதான்: கிராஃப்ட் என்றால் வலு, டிரை என்றால் மூன்று, காம்ப்ஃ என்றால் போர். நம் தொகைச்சொற்களைப் போலவே இதிலும் முதன்மைச் சொல் கடைசியில் நிற்கிறது.

ஆங்கிலத்தில் கைவினையைக் குறிக்கும் 'கிராஃப்ட்' இதன் உடன்பிறப்பு. பழைய ஆங்கிலத்தில் அதற்கும் வலு என்ற பொருள் உண்டு. பிறகுதான் திறமை, தொழில் என்று தடம் மாறியது. ஜெர்மனில் வலு வலுவாகவே நின்றுவிட்டது. 'காம்ப்ஃ' லத்தீனிலிருந்து வந்த கடன். திறந்தவெளியைக் குறித்த 'காம்புஸ்' போர்க்களமாகி, களத்தில் நடக்கும் போராகி, போட்டியும் ஆனது. சாம்பியன், கேம்ப் எல்லாம் அந்த வேர்தான். மற்போர், சொற்போர் என்று சொல்லிப் பழகிய நமக்கு இது புதிதல்ல.

பெயரின் முன்னால் 'வலு' ஏன் ஒட்டிக்கொண்டது? 1972 வரை ஒலிம்பிக் பளுதூக்குதலிலும் பிரஸ், ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என மூன்று பிரிவுகள் இருந்தன. ஜெர்மனில் அதுவும் ஒரு 'டிரைகாம்ப்ஃ'. அதிலிருந்து பிரித்துக் காட்டத்தான் இங்கே 'வலு'. பளுவைத் தோளிலிருந்து தலைக்கு மேல் கையால் தள்ளுவது பிரஸ்; அதில் பின்னால் வளைந்து ஏமாற்றுபவர்களைப் பிடிக்க நடுவர்கள் திணறியதால் அது கைவிடப்பட்டது. பவர்லிஃப்டிங்கின் மூன்று வேறு: பளுவைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட், பெஞ்சில் படுத்தபடி மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட்.

தமிழ்ப் பத்திரிகைகள் 'வலுதூக்குதல்' என்கின்றன. வலுவையா தூக்குகிறார்கள் என்று கேட்கலாம். 'வலுவால் தூக்குதல்' என்று மூன்றாம் வேற்றுமைத் தொகையாக விரித்தால் இலக்கணம் இடிக்காது. வழக்கிலும் வந்துவிட்டது, இருக்கட்டும். ஜெர்மன் சொல்லுக்கு நேராக வேண்டுமானால் 'வலு முப்போட்டி'.

எனக்குப் பிடித்தது டெட்லிஃப்டின் ஜெர்மன் பெயர்: 'கிராய்ட்ஸ்ஹேபென்'. ஹேபென் என்றால் தூக்குதல். கிராய்ட்ஸ் என்றால் சிலுவை, குறுக்காக அமைந்தது. ஆனால் இங்கே யாரும் சிலுவை தூக்கவில்லை. பேச்சு வழக்கில் கீழ்முதுகுக்கும் அதே பெயர். முதுகு பிடித்துக்கொண்டால் ஜெர்மானியர் கிராய்ட்ஸ் வலிக்கிறது என்பார். நாள் முழுக்கக் குனிந்து களை பறித்த நம்மூர் அக்காவும் நிமிரும்போது "குறுக்கு வலிக்குதுய்யா" என்றுதான் சொல்வார். ஒட்டும் உறவும் இல்லாத இரு மொழிகள், குறுக்காக அமைந்ததற்கும் கீழ்முதுகுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கின்றன.

ஆகவே டெட்லிஃப்டுக்கு என் பரிந்துரை 'குறுக்குத்தூக்கு'. பாரத்தைத் தரையிலிருந்து கிளப்பும்போது வளையாமல் தாங்க வேண்டியது குறுக்குதானே. 'டெட்'டை அப்படியே பெயர்த்து யாராவது 'பிணத்தூக்கு' என்று எழுதுவதற்குள் இதைப் புழக்கத்தில் விட்டுவிடுவது நல்லது.