தலையை ஆட்டிப் பாத்தா மூளைக்காய்ச்சல் தெரிஞ்சிடுமா?

வலங்கைமான் பக்கத்துலேர்ந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. அப்பாவுக்கு ரெண்டு நாளா காய்ச்சல், மண்டையப் பொளக்குற தலைவலி, வாட்ஸ்அப்ல வந்த வீடியோவப் பாத்துட்டு தலையை ரெண்டு பக்கமும் ஆட்டச் சொன்னோம், வலி கூடல, அப்ப மூளைக்காய்ச்சல் இல்லன்னு விட்டுடலாமாண்ணேன்னு. விடக்கூடாதும்மா, மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு அப்பவே சொல்லிட்டேன். ஏன்னு விவரமா எழுதுறேன்.

மூளையச் சுத்தி மூணு ஜவ்வு இருக்குங்குறது ஸ்கூல்ல படிச்சதுதான். உள் ரெண்டு ஜவ்வுக்கு நடுவுல தண்ணி. அங்க கிருமி போயி ஜவ்வு வீங்குறதுதான் மெனிஞ்சைட்டிஸ், நாம மூளைக்காய்ச்சல்னு சொல்றது. அந்தத் தண்ணி ஒரு நேரத்துல சுமார் 150 மில்லிதான் இருக்கும், ஆனா ஒரு நாளைக்கு 500 மில்லி ஊறுது, ஊறுற அளவுக்கு வடிஞ்சுகிட்டே இருக்கணும். சீழ் சேந்தா வடிகால்ல வெங்காயத்தாமரை அடைச்ச கதைதான், உள்ள அழுத்தம் ஏறும். மூளைக்குன்னு தனியா வலி தெரியாது, வலிக்குறதெல்லாம் ஜவ்வும் ரத்தக்குழாயும்தான்.

எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் இதுக்கு அப்புறம்தான் வருது. அந்த ஜவ்வு மண்டையோட நிக்குறதில்ல, தண்டுவடத்தையும் போத்திகிட்டு இடுப்புக்குக் கீழ வரைக்கும் ஒரே பையா போகுது. தண்டுவடம் மேலயே முடிஞ்சிடும், கீழ நரம்பு வேருங்க மட்டும் தண்ணியில தொங்கும், நாத்து முடியத் தண்ணியில வச்சா வேரு விரிஞ்சு மெதக்குமே, அப்படி. இப்ப தாடை நெஞ்சுல படுற மாதிரி குனிஞ்சா முதுகெலும்புக் குழாயே கொஞ்சம் நீளமாகும், பை இழுபடும். நல்லா இருக்குற ஜவ்வுக்கு இது ஒன்னுமே இல்ல, வீங்குன ஜவ்வுக்குப் புண்ணுல கயிறு உரசுன மாதிரி, அதனால பின்கழுத்துத் தசை நம்மளக் கேக்காமலே இறுகிக் குனிய விடாது. கழுத்து விறைப்புங்குறது இதுதான். 1882ல கெர்னிக்னு பீட்டர்ஸ்பர்க் டாக்டர் கீழ்ப்பக்கத்துலேர்ந்து இதையே சொன்னாரு: தொடையை மடக்கி வச்சுகிட்டு முழங்காலை நீட்டப் பாத்தா நீளாது, ஏன்னா நீட்டுனா காலுக்குப் போற பெரிய நரம்பு அந்த வேரையெல்லாம் இழுக்கும். 1909ல போலந்து குழந்தை டாக்டர் புருட்ஜின்ஸ்கி பாத்தது இன்னும் அழகு. படுத்திருக்குறவரோட கழுத்தைத் தூக்குனா முழங்கால் ரெண்டும் தானா மடங்கிக்கும். மேல இழுபடுற கயித்தைக் கீழ தளத்தி விடுற வேலையை உடம்பே பாத்துக்குது!

தலையாட்டுற சோதனை 1991ல ஜப்பான் டாக்டருங்க எழுதுனது. இல்லன்னு சொல்ற மாதிரி வினாடிக்கு ரெண்டு மூணு தடவை தலையைத் திருப்பணும், இருக்குற தலைவலி கூடுனா பாசிட்டிவ். முதுகுத் தண்ணியில, கிருமியோட சண்டை போடுற வெள்ளணு ஏறியிருந்த 34 பேர்ல 33 பேருக்கு வலி கூடுச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா 2010ல மகாராஷ்டிராவுல இருக்குற சேவாகிராம் மருத்துவக் கல்லூரியில பாத்தப்ப நோய் இருந்த 99 பேர்ல 6 பேருக்குத்தான் கூடுச்சு. பல ஆய்வையும் சேத்து அலசுன 2020 காக்ரேன் அறிக்கையில நூத்துக்கு 65 பேருக்குக் கூடுச்சு. கெர்னிக், புருட்ஜின்ஸ்கியும் அப்படித்தான், 2002ல வந்த அமெரிக்க ஆய்வுல நூத்துக்கு 5 பேர்கிட்டதான் தெரிஞ்சுது, கழுத்து விறைப்பு 30. அதாவது அடையாளம் இருந்தா சந்தேகம் கூடும், இல்லன்னா நோய் இல்லன்னு அர்த்தமே கெடையாது. அரை மயக்கத்துல கெடக்குறவர்கிட்ட வலி கூடுச்சான்னு கேட்டா அவர் என்ன சொல்லுவாரு?

சேவாகிராம் மாதிரி வேலை நம்ம டெல்டாவுலயும் நடக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. இங்க சேத்துல நிக்குறவங்களுக்கு எலிக்காய்ச்சல் இருக்கு, சின்னப் பூச்சி கடிச்சு வர்ற ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் இருக்கு, ரெண்டுலயும் இதே காய்ச்சல், இதே தலைவலி. இதுக்குப் பெரிய மெஷின் வேண்டாம், பொறுமையா உக்காந்து எண்ணி எழுத ஆளுக்குச் சம்பளம் வேணும், அதுக்குத்தான் யாரும் காசு ஒதுக்குறதில்ல.

எங்க சித்தப்பாவுக்கு மூளைக்காய்ச்சல் வந்தப்ப ஒளறுனாரு. காத்து கருப்புன்னு மந்திரிச்சு கயிறு கட்டுனதுல ஒரு முழு நாள் போச்சு, இன்னைக்கு நெனைச்சாலும் எனக்கு ஆறல. காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு, ஒளறல், இந்த நாலுல குறைஞ்சது ரெண்டு நூத்துக்கு 95 பேர்கிட்ட இருக்கும்னு நெதர்லாந்துல 696 கேஸ் பாத்து 2004லயே எழுதிட்டாங்க, இவர்கிட்ட மூணு இருந்துச்சு. டாக்டரம்மா பின்கழுத்துக்குக் கீழ கை குடுத்து மெதுவாத் தூக்குனாங்க, தாடை நெஞ்சு வரைக்கும் லேசா வந்துச்சு, விறைப்பே இல்ல. இருந்தும் முதுகுல தண்ணி எடுத்தே ஆகணும்னாங்க. சித்தி அழுதுட்டாங்க, கால் வெளங்காம போயிடும்னு யாரோ சொல்லியிருக்காங்க. ஊசி போறது தண்டுவடம் முடிஞ்ச எடத்துக்கும் கீழ. அங்க இருக்குறது அந்த வேருங்கதான், ஊசி வந்தா தண்ணியில வழுக்கி ஒதுங்கிக்கும். 1891ல குவிங்கேன்னு ஜெர்மன் டாக்டர் எழுதி வச்ச முறை, இன்னைக்கும் உறுதியாச் சொல்றது அதுதான்.

அந்தச் சின்ன பாட்டிலை லேபுக்குத் தூக்கிட்டு ஓடுனது நான்தான். பச்சைத் தண்ணி மாதிரி தெளிவா இருக்க வேண்டியது, படிக்கட்டு ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன், அரிசி கழுவுன தண்ணியா இருந்துச்சு. நான் திரும்பி வர்றதுக்குள்ள ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம ஆன்டிபயாட்டிக் ஏத்த ஆரம்பிச்சிருந்தாங்க.