செத்தது ஸ்விட்ச் அல்ல, மெமரி கார்டு

கோடை விடுமுறை முடியும்போது காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கமிருந்து சர்வீஸ் மேசைக்கு வரும் நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் மெஷின்களுக்கெல்லாம் ஒரே வியாதிதான். சிங்கப்பூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ மாமா வாங்கிவந்த பெட்டி. கூடவே ஒரே வாக்கியம்: “அண்ணே, ஹோம்ப்ரூ போட்டேன், பிரிக் ஆயிருச்சு.” அதாவது, ஆர்வலர்கள் எழுதிய வெளி மென்பொருளைப் போட்டேன், மெஷின் செங்கல்போலச் செத்துவிட்டது. கடைசியாக வந்த ஒன்றில் வலது பக்க ரயிலின் (ஜாய்-கான் கன்ட்ரோலரைச் செருகும் தடம்) பத்தாவது பின்னை ஊக்கால் நெம்பி வளைத்திருந்தார்கள். அதைத் தவிர மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. கார்டில் ஒரு போல்டர் இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியாது என்பதால் எழுதிவிடுகிறேன்.

முதலில், ஸ்விட்சைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் முன் வீட்டிலேயே செய்யவேண்டிய சோதனை. பவர் பட்டனை 15 விநாடி விடாமல் அழுத்துங்கள். எஸ்டி கார்டை வெளியே எடுங்கள். வலது ரயிலில் செருகும் ஜிக் என்ற துண்டை மாட்டியிருந்தால் அதையும் கழற்றுங்கள். இப்போது பவரை ஒரு தட்டுத் தட்டுங்கள். நின்டெண்டோ லோகோ வந்தால் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. ஆர்சிஎம் (சிப்பின் மீட்பு நிலை) வழியாக ஏற்றும் பேலோடு, அதாவது வெளியிலிருந்து அனுப்பும் சின்னப் புரோகிராம், மெஷினுக்குள் தங்குவதில்லை. பவர் போனதும் அதுவும் போய்விடும். மிச்சம் இருப்பதெல்லாம் கார்டில்தான்.

ஆர்சிஎம்மில் திரை முழுக் கறுப்பாகத்தான் இருக்கும். லோகோ கிடையாது, வெளிச்சம் கிடையாது, சத்தம் கிடையாது. ஜிக்கை மாட்டி, வால்யூம் பிளஸ்ஸை அழுத்தியபடி பவரைத் தட்டிவிட்டு, “ஒன்றும் வரவில்லையே” என்று பயந்து அப்படியே மேசையில் வைத்துவிடுகிறார்கள். உள்ளே புராசசர் விழித்திருக்கிறது, பேட்டரி கரைந்துகொண்டிருக்கிறது. மறுநாள் பார்த்தால் சார்ஜ் சுத்தமாக இல்லை. அப்போதுதான் “செத்துப்போச்சு” என்ற முடிவு. கம்ப்யூட்டரிலோ, ஓடிஜி கேபிள் போட்ட ஆண்ட்ராய்டு போனிலோ இணைத்துப் பேலோடு அனுப்பினால்தான் திரையில் ஏதாவது வரும். அப்போதும் வரவில்லையென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளில் டேட்டா போகாது.

எல்லா ஸ்விட்சிலும் இந்த வழி திறக்காது. டெக்ரா எக்ஸ்1 சிப்பின் துவக்க ரோமில் இருந்த ஓட்டை 2018 ஏப்ரலில் வெளியே வந்தது. ரோமில் இருப்பதை அப்டேட் போட்டு அடைக்க முடியாது என்பதால், அந்த ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து தொழிற்சாலையிலேயே அடைத்துவிட்டார்கள். அடியில் உள்ள சீரியல் எண் எக்ஸ்கே, எக்ஸ்ஜே, எக்ஸ்டி என்று தொடங்கினால் அது பின்னால் வந்த மாடல், லைட் அல்லது ஓலெட். அதில் ஜிக்கை எத்தனை முறை செருகினாலும் பயனில்லை. எக்ஸ்ஏ என்று தொடங்குபவற்றிலும் பிந்தியவை அடைபட்டவைதான். முழு எண்ணையும் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். பழைய மெஷின் என்று சொல்லி விற்பவரிடம் சீரியல் எண்ணின் போட்டோ கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

ஜிக் என்பது சின்னப் பிளாஸ்டிக் துண்டு. வலது ரயிலின் பத்தாவது பின்னைக் கிரவுண்டோடு இணைப்பதுதான் அதன் ஒரே வேலை. விலை அற்பம். அதை மிச்சம் பிடிக்க ஊக்கு, ஈயத்தாள், ஸ்டேப்ளர் பின் என்று கிடைத்ததையெல்லாம் நுழைக்கிறார்கள். அதே வரிசையில் 5 வோல்ட் ஓடும் பின்னும் இருக்கிறது, சாமி. வளைந்த பின் பக்கத்துப் பின்னைத் தொட்டால் ஜாய்-கான் சார்ஜ் ஏறாது. சில மெஷின்கள் ஒவ்வொரு முறையும் தானாகவே ஆர்சிஎம்முக்குள் போய்விழும். அப்புறம் ரயிலையே மாற்றவேண்டும்.

இனி கார்டு. எக்ஸ்ஃபாட் வேண்டவே வேண்டாம், ஃபாட்32 மட்டும். ஃபாட்32-இல் கோப்பு அட்டவணை இரண்டு பிரதி இருக்கும், எக்ஸ்ஃபாட்டில் வழக்கமாக ஒன்றுதான். ஹோம்ப்ரூ எழுதிக்கொண்டிருக்கும்போது தொங்கி நின்றால் அந்த ஒன்றும் குழம்பிவிடும், கார்டில் உள்ள அத்தனையும் போகும். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுக்கு விண்டோஸின் வழக்கமான பார்மட் பெட்டியில் ஃபாட்32 காட்டாது. ஜியூஐபார்மட் போன்ற தனிக்கருவி போதும், பேலோடாக ஏற்றும் துவக்க மெனுவான ஹெகேட்டேவின் பார்ட்டிஷன் மேனேஜரிலும் செய்யலாம். ஒரே குறை, 4 ஜிபிக்கு மேல் ஒற்றைப் பைல் ஏறாது.

அளவு 128 ஜிபி எடுங்கள். மெஷினின் உள் நினைவகப் பேக்கப்புக்கு 29.1 ஜிபி, எமுஎம்எம்சிக்கு (கார்டிலேயே ஓடும் உள் நினைவகத்தின் நகல்) இன்னொரு 29.1 ஜிபி போய்விடும். சந்தையில் ‘1 டிபி’ என்று சில நூறு ரூபாய்க்கு விற்கும் கார்டை வாங்கிவந்து மேசையில் வைக்காதீர்கள். உள்ளே 32 ஜிபி இருக்கும், வெளியே பொய் எழுதியிருக்கும். கொள்ளளவு தாண்டியதும் பழையதன் மேலேயே எழுதும். புதுக் கார்டு எதுவானாலும் முதலில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ போட்டு முழுவதும் எழுதிப் படித்துப் பாருங்கள்.

காப்பி செய்வதில் வழக்கமாக நடக்கும் தப்பு: ஜிப்பை விரித்ததும் வரும் வெளிப்போல்டரை அப்படியே கார்டில் போடுவது. அட்மாஸ்பியர் (ஹோம்ப்ரூவை ஓடவைக்கும் மாற்று பர்ம்வேர்), பூட்லோடர், ஸ்விட்ச் ஆகிய மூன்று போல்டர்களும் கார்டின் வாசலிலேயே இருக்கவேண்டும், இன்னொரு போல்டருக்குள் அல்ல. ஹெகேட்டேவின் பைல்கள் பாதிதான் ஏறியிருந்தால் ஐகான் மெனு வராது, வெறும் எழுத்துத் திரையோடு நின்றுவிடும். மேக்கில் காப்பி செய்தவர்கள் ஹெகேட்டேவில் உள்ள ஆர்க்கைவ் பிட் சரிசெய்யும் பொத்தானை ஒருமுறை தட்டுங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே தீரும்.

அடுத்து, எரிச்சலின் உச்சம், நாண்ட் என்ற உள் நினைவகத்தைப் பற்றிய கேள்வி. “நண்பனோட நாண்ட் பேக்கப்பைப் போட்டா சரியாயிரும்ல அண்ணே?”

ஆகாது. அதைப் போடுவதற்கு முன்னால் வேண்டுமானால் சரியாகியிருக்கும், போட்ட பிறகு ஆகாது. கம்ப்யூட்டரில் விண்டோஸ் போடுவதுபோல இதை நினைக்கிறார்கள். நம்மூர் வளவு வீடுகளைப் பாருங்கள். ஒரே பர்மாத் தேக்கு, ஒரே ஆசாரி, அடுத்தடுத்த அறைகளுக்கு ஒரே மாதிரிக் கதவு. ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) தனி அறை, தனிச் சாவி. பங்காளியின் சாவியை நுழைத்துத் திருகினால் கதவு திறக்காது, சாவிதான் உடையும். ஸ்விட்சின் உள் நினைவகமும் அப்படித்தான். ஒவ்வொரு மெஷினின் சிப்பிலும் ஃப்யூசாக எரித்த தனி எண் இருக்கிறது. உள்ளே உள்ளதெல்லாம் அதிலிருந்து பிறந்த சாவியால் பூட்டப்பட்டிருக்கும். நண்பனுடைய ரா நாண்ட் உங்கள் மெஷினுக்குப் புரியாத கிறுக்கல். அதை எழுதும்போது உங்களுடைய பிராட்இன்ஃபோ பகுதியும் அழிந்துபோகும். திரை, சென்சார் அளவீடுகள், சீரியல் எண், மெஷினின் சான்றிதழ் எல்லாம் அதில்தான். சிஸ்டம் பகுதி போனால் மெஷினின் சொந்தச் சாவிகளை எடுத்து மறுபடி கட்டிவிடலாம். பிராட்இன்ஃபோ போனால், உங்கள் பழைய பேக்கப்பைத் தவிர உலகில் எங்கும் பிரதி இல்லை. “அதே மாடல்தான், அதே வெர்ஷன்தான், ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கினோம்” என்ற விளக்கத்தையும் கேட்டாயிற்று. இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூடக் கைரேகை வேறு.

ஆகவே எதைத் தொடுவதற்கு முன்னும் பேக்கப். ஹெகேட்டேவில் இரண்டு தனிப் பொத்தான்கள்: பூட்0, பூட்1 (துவக்கப் பகுதிகள்) ஒன்று, ரா ஜிபிபி (மற்ற உள் நினைவகம் முழுவதும்) இன்னொன்று. முதலாவது நொடிகளில் முடிவதால் அதோடு எழுந்து போய்விடுபவர்கள் நிறைய. இரண்டாவதுதான் பெரியது, ஃபாட்32-இல் துண்டு துண்டாக விழும், ஒரு துண்டும் குறையக் கூடாது. முழுச் சரிபார்ப்பு போட்டால் மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும். வேலை முழுவதும் மெஷினுக்கும் கார்டுக்கும் நடுவே நடப்பதால், பேட்டரி முக்கால்வாசி இருந்தால் கரண்ட் போனாலும் கவலையில்லை. முடிந்ததும் கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று. கார்டிலேயே விட்டுவைத்தால் அது பேக்கப் இல்லை.

அந்த பேக்கப் ஒரு ஆண்டுக்கு முந்தையதாக இருந்து, நடுவில் சாதாரண முறையில் பர்ம்வேர் அப்டேட் செய்திருந்தால் இன்னொரு சிக்கல். அப்டேட்டுகள் அவ்வப்போது சிப்பில் ஃப்யூஸ் எரிக்கும். பழையதைத் திரும்பப் போட்டால் சாதாரணத் துவக்கம் மறுத்துவிடும், ஹெகேட்டே வழியாக மட்டும் எழும். இதையும் பிரிக் என்கிறார்கள்.

அப்டேட் விஷயத்தில் வரிசை மாறக் கூடாது. புது பர்ம்வேருக்கு ஏற்ற அட்மாஸ்பியரும் ஹெகேட்டேவும் வந்துவிட்டனவா பாருங்கள், அவற்றைக் கார்டில் மாற்றுங்கள், கடைசியில்தான் பர்ம்வேர். தலைகீழாகச் செய்தால் பேக்கேஜ்1 பதிப்பு தெரியவில்லை என்று ஹெகேட்டே திட்டும். பயப்படாமல் புது ஹெகேட்டேவைப் போட்டால் போதும். எதில் இருக்கிறீர்கள் என்று தெரியாமல் அப்டேட் தட்டாதீர்கள்: சிஸ்டம் அமைப்பில் பதிப்பு எண்ணோடு ஏஎம்எஸ் என்றும் கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். எஸ் என்றால் அசல் நாண்ட், ஈ என்றால் எமுஎம்எம்சி. ஏஎம்எஸ்ஸே இல்லாவிட்டால் நீங்கள் சாதாரண பர்ம்வேரில் இருக்கிறீர்கள். ஆல்பத்தைத் திறந்தால் ஹோம்ப்ரூ மெனு வராததற்குக் காரணமும் அதுதான். ஹோம்ப்ரூ மெனுவே வந்தும் பெரிய புரோகிராம் மட்டும் நடுவில் விழுந்தால், ஆல்பம் வழியில் நினைவகம் குறைவு என்று அர்த்தம். ஆர் பட்டனை அழுத்தியபடி ஏதாவது ஒரு கேமைத் திறந்து அதன் வழியே மெனுவுக்குப் போங்கள்.

அப்டேட்டுக்குப் பிறகு ஹோம் திரை வரும் முன்னே எர்ரர் வந்து, அதில் 0100000000001000 என்ற எண் இருந்தால் பழைய தீம்தான் குற்றவாளி. அட்மாஸ்பியர், அதற்குள் கன்டென்ட்ஸ், அதற்குள் அந்த எண் பெயரிலுள்ள போல்டர். அழித்துவிடுங்கள். வேறு எண் வந்தால் கன்டென்ட்ஸ் போல்டரின் பெயரையே மாற்றிவைத்துத் துவக்கிப் பாருங்கள். எழுந்துவிட்டால் உள்ளே போட்ட ஏதோ ஒரு மாட்யூல் பழையது, ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துக் கண்டுபிடிக்கலாம். போட்டோ எடுக்காமல் பவரை அமுக்கிவிட்டு “ஏதோ நம்பர் வந்துச்சு” என்று வராதீர்கள்.

‘எல்லா கேமும் ஃப்ரீ’ என்று நினைத்து வருபவர்களுக்கு ஒரு பத்தி போதும். ஹோம்ப்ரூ என்பது ஆர்வலர்கள் எழுதி இலவசமாகத் தரும் மென்பொருள், திருட்டுக் கேம் அல்ல. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறையும் அபராதமும் சொல்கிறது. நின்டெண்டோ தடை போட்டால் அது மெஷினோடு ஒட்டிக்கொள்ளும், கணக்கை மாற்றினாலும் போகாது. பழைய ஸ்விட்ச் வாங்கும்போது, காசு கொடுக்கும் முன் ஆன்லைன் கடை திறக்கிறதா என்று பாருங்கள்.

மிச்சம் பேட்டரி. ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த திருவிழாவுக்கு வந்து எடுத்தால் எழாதுதான். அசல் அடாப்டரில் மாட்டிப் பல மணிநேரம் தொடாமல் விடுங்கள். அது 15 வோல்ட் 2.6 ஆம்பியர் தரும். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்பதால் சிங்கப்பூர் அடாப்டருக்குப் பிளக் மாற்றி மட்டும் போதும். ஆட்டோஆர்சிஎம் (எப்போதும் நேரே ஆர்சிஎம்முக்குப் போகவைக்கும் அமைப்பு) போட்டவர்களுக்குக் கூடுதல் தொல்லை: சார்ஜ் தீர்ந்தால் மெஷின் நேரே ஆர்சிஎம்முக்குப் போகும், அதில் சார்ஜ் நத்தை வேகம்தான். கொஞ்சம் உயிர் வந்ததும் ஹெகேட்டேவை ஏற்றி, அந்த மெனுவிலேயே சார்ஜ் ஏறவிடுங்கள். விவரம் தெரியாதவர்கள் ஆட்டோஆர்சிஎம்மைத் தொடவே வேண்டாம்.

பல மணிநேரம் ஆகியும் யூஎஸ்பி மீட்டர் 5 வோல்ட்டைத் தாண்டாவிட்டால் சந்தேகம் எம்92டி36 என்ற, யூஎஸ்பி பவரைக் கட்டுப்படுத்தும் சிப்பின் மேல். பெரும்பாலும் மலிவு டாக் (டிவியோடு இணைக்கும் தாங்கி) செய்த வேலை. சிப்பை மாற்றலாம். பேட்டரி உப்பியிருந்தால் பின்மூடி தானே தூக்கிக்காட்டும். அப்போது சார்ஜ் போடாதீர்கள், இரும்புக் கரண்டி விட்டு நெம்பாதீர்கள், காற்றை வெளியேற்றுகிறேன் என்று ஊசியால் குத்தாதீர்கள். சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கும் ஊரில் லித்தியம் பேட்டரியை ஊசியால் குத்தும் ஆளைப் பார்க்கும்போது என்ன சொல்வது! அணைத்து, துணி, காகிதம் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, கொண்டுவாருங்கள். வரும்போது எஸ்டி கார்டையும் எடுத்துவாருங்கள், பார்மட் செய்யாமல்.