குவாட்டர்பேக்: இவரால் வெல்வதா, இவரோடு வெல்வதா?

அமெரிக்கக் கால்பந்தில் ஊறிய நகரங்களில் ஒவ்வொரு பருவமும் ஒரே கேள்வியோடுதான் தொடங்குகிறது: “இந்தக் குவாட்டர்பேக்கை வைத்துக்கொண்டு நம் அணி சாம்பியன் ஆக முடியுமா?” பந்தை முதலில் கையில் வாங்கி, அணியின் தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர்தான் குவாட்டர்பேக். டெட்ராய்ட் நகரத்து ரசிகர்கள் மாத்யூ ஸ்டாஃபோர்டைப் பற்றி இந்தக் கேள்வியை 2009 முதல் 2020 வரை 12 பருவங்கள் கேட்டார்கள். இந்த ஆட்டத்தின் தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பில் (என்எஃப்எல்) ஓர் அணியின் பட்டியலில் 53 பேர் இருக்கிறார்கள். களத்தில் ஒரு நேரத்தில் 11 பேர் நிற்கிறார்கள். ஆனாலும் வெற்றி, தோல்விக் கணக்கு ஒருவர் பெயரில்தான் எழுதப்படுகிறது. அந்தப் பெயர் பிறந்தபோது அதற்குள் இத்தனை பாரம் இருக்கவில்லை. ஆடுகளத்தில் ஒருவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதை மட்டுமே அது சொன்னது. இடத்தைக் குறித்த சொல் எப்படிப் பொறுப்பைக் குறிக்கும் சொல்லாக மாறியது என்று பார்த்தால், தமிழில் அவரை என்னவென்று அழைக்கலாம் என்பதற்கும் வழி பிறக்கும்.

‘குவாட்டர்’ என்பது நான்காவது என்று பொருள்படும் ‘குவார்ட்டுஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வழியில் பழைய பிரெஞ்சைக் கடந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். ‘கால் பங்கு’ என்பது அதன் பொருள். ‘பேக்’ என்றால் பின்னால் நிற்பவர். பழைய ரக்பி ஆட்டத்தில் பந்துக்காக முட்டி மோதும் முன்வரிசைக்குப் பின்னால் நின்றவர்களை அவரவர் தொலைவைக் கொண்டு பெயரிட்டார்கள். எல்லோருக்கும் பின்னால் நின்றவர் முழுப்பின்னவர், அதில் பாதித் தொலைவில் நின்றவர் அரைப்பின்னவர், அதற்கும் முன்னால் நின்றவர் கால்பின்னவர் என்று வைத்துக்கொள்ளலாம். ரக்பியில் முக்கால் என்ற பெயரோடும் பின்னவர்கள் இன்றுவரை இருக்கிறார்கள். கால், அரை, முக்கால், முழுது என்று நம் பின்ன வாய்பாட்டைப் போலவே வரிசையாக அமைந்த பெயர்கள் இவை. ஆட்டம் நான்கு கால் பகுதிகளாக ஆடப்படுவதால் இப்பெயர் வந்தது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு, நேரத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை.

ரக்பியிலிருந்து கிளைத்த அமெரிக்க ஆட்டத்தில் இந்தச் சொல்லை விதிக்குள் நிலைநிறுத்தியவர் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் கேம்ப். 1880-இல் அவருடைய முயற்சியால் ஓர் அணிக்கு 15 பேர் என்றிருந்தது 11 ஆகக் குறைந்தது. இரு அணிகளும் ஒரே பந்துக்காக ஒன்றின்மேல் ஒன்று விழுந்து புரளும் முறை போய், பந்தை வைத்திருக்கும் அணி அதைப் பின்னோக்கித் தள்ளி ஆட்டத்தைத் தொடங்கும் முறை வந்தது. அப்படித் தள்ளப்படும் பந்தை முதலில் பெறுபவருக்கே குவாட்டர்பேக் என்று பெயர் என விதி வரையறுத்தது. அதே விதி இன்னொன்றையும் சொன்னது: அவர் பந்தோடு முன்னால் ஓடக் கூடாது. இன்றைய ரசிகர் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். முதல் குவாட்டர்பேக்குகளின் வேலை, வாங்கிய பந்தை இன்னொருவர் கையில் கொடுப்பது; பந்தை முன்னோக்கி வீசுவதற்கோ அன்று எவருக்குமே அனுமதி இல்லை.

முன்னோக்கி வீசுவது 1906-இல்தான் விதிக்குள் வந்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பெரும்பாலான அணிகள் கையாண்ட ‘ஒற்றைச் சிறகு’ வியூகத்தில் பந்தைப் பெற்று ஓடியும் வீசியும் ஆடியவர் டெயில்பேக் எனப்பட்ட வேறொருவர். குவாட்டர்பேக் அவருக்கு வழிவிலக்கிக் கொடுக்கும் முரட்டு வேலையைச் செய்தார். நிலைமை மாறியதற்கு அடையாளமாக ஒரு நாளைச் சொல்வதென்றால் 1940 டிசம்பர் 8-ஐச் சொல்லலாம். அன்று சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டத்தில் சிகாகோ பேர்ஸ், வாஷிங்டன் அணியை 73–0 என்று வீழ்த்தியது. சிட் லக்மன் என்ற குவாட்டர்பேக் நடுவரின் முதுகோடு ஒட்டி நின்று பந்தை வாங்கி, கொடுப்பதா வீசுவதா என்பதைத் தானே நிறைவேற்றிய ‘டி’ வியூகத்தை அதன் பின் மற்ற அணிகளும் பின்பற்றத் தொடங்கின. (இங்கே நடுவர் என்றது தீர்ப்புச் சொல்பவரை அன்று, முன்வரிசையின் நடுவில் குனிந்து பந்தைத் தொடைகளுக்கு இடையே பின்னால் அனுப்பும் ஆட்டக்காரரை.)

இன்று அவர் செய்வதை அருகிலிருந்து பார்ப்போம். ஒரு முயற்சி முடிந்ததும் கடிகாரம் 40 நொடிகளை எண்ணத் தொடங்குகிறது. பந்தை வைத்திருக்கும் அணியில், தலைக்கவசத்தின் பின்புறம் பச்சைப் புள்ளி ஒட்டப்பட்ட அவருக்கு மட்டும் காதுக்குள் பயிற்சியாளரின் குரல் கேட்கும். 15 நொடிகள் எஞ்சியிருக்கும்போது அந்த ஒலித்தொடர்பு துண்டிக்கப்பட்டுவிடும். அதற்குப் பின் அவர் தனி ஆள். எதிரணித் தடுப்பாளர்கள் நிற்கும் நிலையைப் பார்த்து, பயிற்சியாளர் சொன்ன திட்டம் பலிக்காது என்று தோன்றினால், எண்பதாயிரம் பேர் இரைச்சலுக்கு நடுவே கூவியும் கைகாட்டியும் தன் அணியினருக்கு வேறொரு திட்டத்தைக் கட்டளையிடுவார். பந்து கைக்கு வந்த பின் ஏறக்குறைய மூன்று நொடிகளுக்குள் அதை ஓடுபவர் கையில் திணிக்க வேண்டும், அல்லது ஓடிக்கொண்டிருக்கும் ஒருவர் எங்கே இருக்கப் போகிறாரோ அந்த வெற்றிடத்தை நோக்கி வீச வேண்டும். கட்டளையிடுவதும் எறிவதும் ஆகிய இரண்டும்தான் இன்று இந்தச் சொல்லின் உள்ளுறை. ‘கால்’ அளவும் ‘பின்’ இடமும் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘காற்பின்னர்’ என்று எழுதுவது உதவாது. தமிழில் கால் என்பது நான்கில் ஒரு பங்கும் ஆகும், பாதமும் ஆகும். ‘காற்பந்து’ என்ற சொல்லுக்கு அருகிலேயே ‘காற்பின்னர்’ என்று வந்தால் படிப்பவர் பாதத்தைத்தான் நினைப்பார். ஒலிபெயர்ப்பை மட்டும் நம்பினாலும் இடர்ப்பாடு உண்டு: தமிழ்நாட்டில் ‘குவாட்டர்’ என்றால் மதுப்புட்டியின் அளவு, ‘குவாட்டர்ஸ்’ என்றால் அரசு ஊழியர் குடியிருப்பு. ‘அணித்தலைவர்’ பொருந்தாது, தலைவர்கள் தனியே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள், ஓர் அணிக்குப் பலர் இருப்பதும் வழக்கம். ‘ஆட்ட நடத்துநர்’ பொருளளவில் நெருங்கி வந்தாலும், பேருந்தில் பயணச்சீட்டுத் தருபவரை நடத்துநர் என்று அழைத்துப் பழகிய காதுக்கு அது இடறும். பழந்தமிழில் படையின் முன்னணிக்குத் தார் என்றும் பின்னணிக்குக் கூழை என்றும் பெயர்கள் இருந்தன. தொல்காப்பியப் புறத்திணையியல், உடைந்த படைக்குள் புகுந்து அதன் கூழையைத் தாங்கி நிற்கும் வீரனை ஒரு துறையாகவே வகுக்கிறது. முன்வரிசை, பின்வரிசை என்று பிரிந்து மோதும் இந்த ஆட்டத்துக்கு அழகாகப் பொருந்தக்கூடிய சொல் அது. ஆனால் ‘கூழைக் கும்பிடு’ மட்டுமே தெரிந்த இன்றைய வாசகரிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கடினம் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

நான் பரிந்துரைப்பது ‘ஏவுநர்’. ஏவுதல் என்ற வினைக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. ஒன்று கட்டளையிடுதல், இலக்கணத்தில் ‘ஏவல் வினை’ என்பது இதிலிருந்து வந்தது. மற்றொன்று எய்தல், செலுத்துதல். ‘ஏ’ என்ற ஓரெழுத்துச் சொல்லுக்கே அம்பு என்று பொருள், ஏவுகணையும் ஏவுதளமும் நாம் நாள்தோறும் படிக்கும் சொற்கள். கட்டளையிடுபவரும் பந்தை எறிபவரும் ஒருவரே ஆன ஆட்டத்துக்கு இரண்டையும் ஒரே வேரில் சொல்லும் சொல் நம்மிடம் இருக்கிறது. பந்து வீசுபவர் பந்துவீச்சாளர் ஆனதும் மட்டை பிடிப்பவர் மட்டையாளர் ஆனதும் செய்யும் வேலையைப் பெயரிலேயே காட்டியதால்தான். ஓட்டுநர், இயக்குநர் போல ஏவுநரும் நாவில் எளிதாகப் படியும். ‘ஏவலர்’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. அது ஏவியதைச் செய்யும் பணியாளரைக் குறிக்கும்.

இந்தச் சொல்லை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதுவே ரசிகர்களின் வாதத்துக்கும் நம்மை அழைத்துச் செல்கிறது. மூன்றாம் வேற்றுமையைப் படிக்கும்போது நம் இலக்கண ஆசிரியர்கள் கருத்தாவை, அதாவது செயலைச் செய்பவரை, இரண்டாகப் பிரிப்பார்கள். ‘தச்சனால் ஆகிய கோயில்’ என்றால் தச்சன் இயற்றுதற் கருத்தா. ‘அரசனால் ஆகிய கோயில்’ என்றால் அரசன் ஏவுதற் கருத்தா. அதே வேற்றுமைக்கு ‘ஓடு’ என்ற உருபும் உண்டு. அது உடனிகழ்ச்சியைச் சொல்லும். அமெரிக்க ரசிகர்கள் ஆண்டுதோறும் மல்லுக்கட்டுவது இந்த உருபுகளைப் பற்றித்தான். ‘இவரால் வென்றோம்’ என்று ஒருவர் சொல்ல, ‘இல்லை, இவரோடு வென்றோம், அவ்வளவுதான்’ என்று மற்றவர் மறுக்கிறார்.

‘ஓடு’ உருபுக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் காட்டும் பெயர் ட்ரென்ட் டில்ஃபர். 2000-ஆம் ஆண்டுப் பருவத்தில் பால்டிமோர் ரேவன்ஸ் 16 ஆட்டங்களில் எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்தவை வெறும் 165 புள்ளிகள். அந்தத் தடுப்புப் படையின் நிழலில் நின்று, தவறு செய்யாமல் ஆடி, டில்ஃபர், சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதியாட்டமான சூப்பர் பௌலை 34–7 என்று வென்ற அணியின் ஏவுநர் ஆனார். அடுத்த பருவத்துக்கு அணி அவரை வைத்துக்கொள்ளவில்லை. மறுமுனையில் டான் மரீனோ இருக்கிறார். மயாமிக்காக 1984-இல் ஒரே பருவத்தில் தன் வீச்சுகளால் அணியை 5,084 கெஜங்கள் முன்னேற்றி, 48 டச்டவுன்களும் (பந்தை எதிரணியின் இறுதிப் பகுதிக்குள் சேர்த்துப் புள்ளி பெறுவது) வீசினார். அந்தப் பருவத்தின் சூப்பர் பௌலில் தோற்றார். 1999 வரை ஆடியும் மீண்டும் அந்த மேடையை அவர் எட்டவில்லை. கோப்பையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் மரீனோவைவிட டில்ஃபர் உயர்ந்தவர் என்று முடிவு சொல்ல நேரும். அந்த ஆட்டங்களைப் பார்த்த எவரும் அப்படிச் சொல்லமாட்டார்.

ஸ்டாஃபோர்டின் கதை இவற்றைவிடச் செறிவானது, ஏனென்றால் அங்கே ஆள் மாறவில்லை, அணி மட்டுமே மாறியது. டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்காக 2011-இல் அவர் 5,038 கெஜங்கள் வீசினார். ஆனாலும் அங்கிருந்த 12 பருவங்களில் ஆடிய மூன்று பிளேஆஃப் (பருவ முடிவில் வரும், தோற்றால் வெளியேறும் சுற்று) ஆட்டங்களிலும் தோல்விதான். “இவரால் ஆகாது” என்றவர்களும், “இவருக்குத் துணையில்லை” என்றவர்களும் சரிபாதியாகப் பிரிந்து நின்றார்கள். 2021-இல் அவர் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். முதல் பருவத்திலேயே, 2022 பிப்ரவரி 13 அன்று, சூப்பர் பௌலில் சின்சினாட்டி அணியை 23–20 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்.

அந்த ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் ‘ஆல்’, ‘ஓடு’ என்ற இரு உருபுகளுக்கும் சான்று கிடைக்கிறது. நான்கு புள்ளிகள் பின்தங்கிய நிலையில் ஸ்டாஃபோர்ட் 15 முயற்சிகளில் 79 கெஜங்கள் அணியை முன்னால் கொண்டுபோனார். நடுவே ஒரு வீச்சில் முகத்தையும் கண்களையும் ஒரு பக்கம் திருப்பி, அந்தப் பார்வையை நம்பித் தடுப்பாளர் நகர்ந்த கணத்தில், பார்க்காத திசையில் ஓடிய கூப்பர் கப்பின் கைக்குப் பந்தை அனுப்பினார். முடிய 1 நிமிடம் 25 நொடிகள் இருந்தபோது கப்பே டச்டவுனையும் பிடித்தார். ஸ்டாஃபோர்டால் வந்த வெற்றி என்று சொல்ல அந்த வீச்சு ஒன்றே போதும். ஆனால் அதே ஆட்டத்தில் அவருடைய பந்து இருமுறை எதிரணியால் இடைமறிக்கப்பட்டது. அவற்றின் சேதத்தைத் தாங்கியது, சின்சினாட்டியின் ஏவுநர் ஜோ பரோவை ஏழு முறை மண்ணில் சாய்த்த ராம்ஸ் தடுப்பு வரிசை. எதிரணியின் கடைசி முயற்சியில் பரோவைப் பற்றிச் சுழற்றி, அவருடைய வீச்சை வீணாக்கி, ஆட்டத்தை முடித்தவர் ஏரன் டானல்ட்.

என் கருத்தில், ஒரு ஏவுநரால் வெல்ல முடியுமா என்ற கேள்விக்கு அவரை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது. கோயில் எழும்ப அரசனின் ஆணை வேண்டும். தச்சர்கள் இல்லாத நாட்டில் அந்த ஆணை காற்றோடு போகும். தமிழில் எழுதுவோர் முதல் முறை ‘குவாட்டர்பேக் எனப்படும் ஏவுநர்’ என்று அறிமுகப்படுத்திவிட்டுப் பின்னர் ஏவுநர் என்றே எழுதலாம். ‘ஏவுநர் கோப்பையை வென்றார்’ என்பதைத் தவிர்த்து, ‘ஏவுநரால் அணி வென்றது’, ‘ஏவுநரோடு அணி வென்றது’ என்ற இரண்டில் தாம் பார்த்தது எதுவோ அதைத் தெரிந்து எழுதினால், செய்திக்குள்ளேயே தீர்ப்பும் அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை நடந்த ஆட்டத்தை மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து திருத்துபவரை அமெரிக்கர்கள் ‘திங்கட்கிழமைக் காலைக் குவாட்டர்பேக்’ என்பார்கள். அதற்குப் ‘பின்புத்திக்காரர்’ என்ற நம் சொல்லே போதும்.

ஸ்டாஃபோர்டைக் கொடுத்ததற்கு ஈடாக டெட்ராய்ட் பெற்றவர்களில் ஒருவர் ஜேரட் கோஃப், ராம்ஸ் அணி இனி வேண்டாம் என்று முடிவு செய்த ஏவுநர். 2024 ஜனவரியில் அதே ஸ்டாஃபோர்ட் ராம்ஸ் அணியோடு டெட்ராய்ட்டுக்கு வந்தபோது, கோஃபின் லயன்ஸ் 24–23 என்று வென்றது. 32 ஆண்டுகளில் அந்த நகரம் கண்ட முதல் பிளேஆஃப் வெற்றி அது. அரங்கம் முழுவதும் கோஃபின் பெயரைச் சொல்லி முழங்கியது. லயன்ஸ் இதுவரை ஒரு சூப்பர் பௌலில்கூட ஆடியதில்லை. ஸ்டாஃபோர்டைப் பற்றிக் கேட்ட அதே கேள்வியை டெட்ராய்ட் இப்போது கோஃபைப் பற்றிக் கேட்கிறது.