தாது வருஷத்தைத் தேக்கில் தேடுவது எப்படி

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் கதவு இழைக்கும் ஆசாரியிடம் ஒரு தேக்கு அடிக்கட்டையைக் காட்டினால், வெட்டுமுகத்தை விரலால் தடவிப் பார்த்து "எண்பது வருஷ மரம்" என்பார். ஐந்தாறு ஆண்டு முன்னே பின்னே இருக்கலாம்; கதவுக்கு அந்தக் கணக்கு தாராளம். ஆனால் தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876, 1877-இல், மழை எவ்வளவு பொய்த்தது என்று ஒரு பழைய கட்டையிடம் கேட்க வேண்டுமானால் ஓர் ஆண்டுகூடப் பிசகக் கூடாது. பிசகினால் பஞ்ச ஆண்டின் வளையத்தை நல்ல மழை ஆண்டின் அளவோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். மரத்தின் ஆண்டு வளையங்களைப் படிக்கும் துறையான மரவளையவியலில் பெரும்பாடு எல்லாம் அந்த ஐந்தாறு ஆண்டுப் பிழையை ஒழிப்பதற்குத்தான். எண்ணுவது சுலபம்.

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய வளர்படலம் இருக்கிறது. அது உள்பக்கமாகக் கட்டையையும் வெளிப்பக்கமாகப் பட்டையையும் உண்டாக்குகிறது. தேக்கு கோடையில் இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கும். மழை தொடங்கித் துளிர்த்ததும் கேம்பியம் விழித்துக்கொண்டு, முதலில் வெறுங்கண்ணுக்கே துளையாகத் தெரியும் பெரிய நாளங்களை வரிசையாக அமைக்கிறது. பருவம் போகப் போக நாளங்கள் சிறுத்து, கட்டை இறுகுகிறது. அடுத்த மழைக்கு மறுபடி பெரிய துளைகள். இறுகிய கட்டை முடிந்து பெரிய துளை தொடங்கும் கோடுதான் ஆண்டு எல்லை. இமயமலைத் தேவதாருவில் நாளங்களே கிடையாது. அங்கே வெளிறிய கட்டை திடீரெனக் கருத்து முடியும் கோடு எல்லை.

தென்னையிலும் பனையிலும் இதைத் தேடக் கூடாது. அவற்றுக்கு இந்த வகைக் கேம்பியமே இல்லை. உள்ளே வைரம் பாய்வதை மரம் என்றும், வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரித்ததே, அந்தப் பிரிவு இங்கே அப்படியே பொருந்துகிறது.

சரி, கப்பன் பார்க்கிலும் சாலையோரத்திலும் இத்தனை பெரிய மரங்கள் இருக்கின்றனவே, அவை பெங்களூரின் மழைக்கணக்கைச் சொல்லாதா? பெரும்பாலும் சொல்லாது. இந்த ஊருக்கு மே மாதத்தில் ஒரு மழை, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை இன்னொரு மழை. இரண்டுக்கும் நடுவே வளர்ச்சி தளர்ந்தால் ஒரே ஆண்டில் இரண்டு கோடு விழலாம். நகரத்து மரத்துக்கு வேறு உபத்திரவங்களும் உண்டு. மின்கம்பிக்காகக் கிளையை வெட்டினால் அடுத்த சில வளையங்கள் குறுகும். நடைபாதைக்கு வேரடியில் கான்கிரீட் போட்டாலும் குறுகும். குழாய்க் கசிவு வேருக்குக் கிடைத்தாலோ வறட்சியிலும் வளையம் அகலமாகவே இருக்கும். 2023-இல் மழை பொய்த்து, அடுத்த கோடையில் நகரமே டேங்கர் லாரிக்குக் காத்திருந்தபோதும், தோட்டக்காரர் தண்ணீர் விட்ட மரம் கவலையில்லாமல் வளர்ந்திருக்கும். மழையைத் தவிர வேறு வழியே இல்லாத மரம்தான் நல்ல சாட்சி: மண் மெலிந்த சரிவு, நீரோடை இல்லாத இடம், கோடரி படாத காடு.

வெப்பமண்டல மரம் என்றால் முதலில் அதன் கோடு ஆண்டுக்கு ஒன்றுதானா என்று நிரூபிக்க வேண்டும். நடவு ஆண்டு தெரிந்த தோட்டம் இருந்தால் வேலை எளிது. 1840-களில் நட ஆரம்பித்த நிலம்பூர்த் தேக்குத் தோட்டம் அதற்கு நல்ல உதாரணம். இன்னொரு வழி, பட்டையில் சிறு சாளரம் வெட்டிக் கேம்பியத்தைக் காயப்படுத்துவது. தழும்பு கட்டைக்குள் புதைந்துவிடும். சில ஆண்டு கழித்து அதற்கு வெளியே எத்தனை கோடு சேர்ந்திருக்கிறது என்று பார்க்கலாம். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதவர்களுக்கு அணுகுண்டு கைகொடுக்கிறது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் திறந்தவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 ஏறக்குறைய இரட்டிப்பாகி, 1963-ஐ ஒட்டி உச்சம் தொட்டு, பிறகு இறங்கியது. மரம் அந்தந்த ஆண்டுக் காற்றின் கார்பனைக் கொண்டே கட்டை போடுகிறது. ஆகவே 1965 என்று நாம் எண்ணி வைத்த வளையத்தில் அந்த அளவு இல்லையென்றால் எண்ணிக்கை தப்பு. தேக்கும், அடுத்தபடியாகச் சந்தன வேம்பு எனப்படும் தூனாவும் இந்தச் சோதனைகளில் தேறியவை. அதனால்தான் தென்னிந்தியாவில் ஆய்வாளர்கள் சுற்றிச் சுற்றித் தேக்கிடமே வருகிறார்கள்.

மாதிரி எடுக்க மரத்தை வெட்ட வேண்டியதில்லை. இன்கிரிமென்ட் போரர் என்ற கைத்துரப்பணம் போதும். அதில் மூன்று பாகம்: குறுக்குக் கைப்பிடி, முனையில் திருகுமரை கொண்ட உள்ளீடற்ற எஃகுக் குழாய், மாதிரியை உருவும் நீண்ட கரண்டி. பென்சிலைவிட மெல்லியதாக, சுமார் 5 மி.மீ. தடிமனில் ஒரு குச்சி வெளிவரும். மார்பு உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஏறக்குறைய 1.3 மீட்டரில், மையத்தைக் குறிவைத்துத் திருக வேண்டும். சரிவில் நிற்கும் மரத்தை மேட்டுப் பக்கத்திலோ பள்ளத்துப் பக்கத்திலோ துளைக்கக் கூடாது. சாய்வைத் தாங்க மரம் ஒரு பக்கம் கூடுதலாகக் கட்டை போட்டிருக்கும். பக்கவாட்டில் எடுப்பதே சரி. ஒரு மரத்துக்கு இரண்டு குச்சி, ஓர் இடத்துக்கு இருபது மரமாவது வேண்டும். வனத்துறை அனுமதி எல்லாவற்றுக்கும் முன்பே.

தேக்கு இங்கே படுத்தி எடுக்கும். அதன் கட்டையில் இருக்கும் சிலிக்கா முனையைச் சீக்கிரம் மழுக்குகிறது. மழுங்கிய போரர் குச்சியை முறுக்கித் துண்டு துண்டாக்கும். குழாயில் தேன்மெழுகு தடவ வேண்டும். பாதியில் நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தால் கட்டை இறுகி, கருவி மரத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். வயதான தேக்கின் அடிமரம் மேடும் பள்ளமுமாக இருக்கும். பள்ளத்தில் துளைத்தால் வளையங்கள் நெருங்கி, சில காணாமலேகூடப் போயிருக்கும்.

குச்சியைக் காகித உறிஞ்சுகுழலில் போட்டு இடம், மர எண், குச்சி எண்ணைக் குழலின் மேலேயே எழுத வேண்டும். பிளாஸ்டிக் குழல் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சை வரவழைக்கும். காய்ந்ததும் பள்ளம் தோண்டிய மரச்சட்டத்தில் ஒட்டுகிறார்கள். இங்கேதான் புதியவர்கள் கோட்டை விடுவார்கள்: நார் செங்குத்தாக நிற்கும்படி ஒட்டினால்தான் வெட்டுமுகம் மேலே தெரியும். படுத்தவாக்கில் ஒட்டிவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் வளையம் கண்ணில் படாது. பிறகு உப்புத்தாள்: 80-இல் தொடங்கி 120, 220, 320, 400 என்று 600 வரை. முந்தைய தாளின் கீறல் முழுக்க மறையாமல் அடுத்ததற்குத் தாவக் கூடாது. தேக்கின் நாளங்களில் தூள் அடைத்துக்கொள்ளும். காற்றழுத்தக் குழாயால் ஊதிவிட்டு, வெள்ளைச் சாக்குத் தூளைத் தேய்த்தால் துளைகள் வெள்ளைப் புள்ளிகளாக எழுந்து நிற்கும்.

இனி ஆண்டு குறிப்பது. பட்டைக்கு அடியில் உள்ள கடைசி வளையம் மாதிரி எடுத்த ஆண்டுக்குரியது; மரம் துளிர்க்குமுன் எடுத்திருந்தால் முந்தைய ஆண்டுக்குரியது. அங்கிருந்து உள்ளே எண்ணி, பத்தாண்டுக்கு ஒரு புள்ளி, ஐம்பதுக்கு இரண்டு, நூற்றாண்டுக்கு மூன்று என்று பென்சிலால் வைப்பது வழக்கம். இது தற்காலிகக் கணக்குதான். ஏனென்றால் மரம் இரண்டு விதமாக ஏமாற்றும். கடும் வறட்சியில் அடிமரத்தின் ஒரு பக்கத்தில் கேம்பியம் கட்டையே போடாமல் விட்டுவிடும். அது காணாமல்போன வளையம். பருவத்தின் நடுவே மழை நின்று மீண்டும் பெய்தாலோ, இலைதின்னிப் புழு இலையை மொட்டையடித்து மரம் மறுபடி துளிர்த்தாலோ ஒரே ஆண்டில் இன்னொரு கோடு. அது போலி வளையம். உண்மையான எல்லை பளிச்சென்று மாறும். போலியின் ஓரம் இரு பக்கமும் மெல்லக் கரையும், வட்டத்தைச் சுற்றிப் போனால் எங்காவது அற்றுவிடும். ஆனால் 5 மி.மீ. அகலக் குச்சியில் சுற்றிப் பார்க்க இடம் ஏது?

இதற்கு வழி கண்டவர் ஒரு வானியலாளர். சூரியப் புள்ளிகளின் பதினோராண்டுச் சுழற்சி மழையில் தெரிகிறதா என்று தேடிய ஏ. இ. டக்ளஸ், அமெரிக்காவின் அரிசோனாவில் வெவ்வேறு இடத்து மரங்களில் குறுகலும் அகலமும் ஒரே வரிசையில் வருவதைக் கவனித்தார். ஒரு வட்டாரத்தின் வறட்சி எல்லா மரத்துக்கும் பொது. ஒரு மரத்தில் 'குறுகல், நடுத்தரம், மிகக் குறுகல், அகலம், அகலம், குறுகல்' என்று இருந்தால் பக்கத்து மரத்திலும் அதே தாளம் இருக்க வேண்டும். வரைபடத் தாளில் ஓர் ஆண்டுக்கு ஒரு கட்டம் ஒதுக்கி, வளையம் எவ்வளவு குறுகலோ அவ்வளவு நீளக் கோடு போட்டு, இரண்டு தாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நகர்த்திப் பார்ப்பார்கள். இன்றிலிருந்து பின்னோக்கி 1930 வரை கோடுகள் நேருக்கு நேர் நின்று, அதற்கு முன்னே எல்லாமே ஒரு கட்டம் தள்ளி நின்றால், 1930-ஐ ஒட்டி இரண்டில் ஒன்று ஒரு வளையத்தை விட்டிருக்கிறது, அல்லது கூட்டியிருக்கிறது. நுண்ணோக்கியை நேராக அங்கே கொண்டுபோகலாம்.

இப்படிப் பொருத்துவதால் இன்னொரு லாபமும் உண்டு. உயிருள்ள மரத்தின் உள்வளையங்கள் ஒரு பழைய உத்தரத்தின் வெளிவளையங்களோடு பொருந்தினால், வரிசை உத்தரத்தின் காலத்துக்கும் நீளும். 1929-இல் டக்ளஸ் குழு ஷோ லோ என்ற ஊரில் எடுத்த எச்.எச்.-39 என்ற கரிந்த உத்தரத் துண்டு, அதுவரை ஆண்டு தெரியாமல் தனியே மிதந்துகொண்டிருந்த பழைய வரிசையை இன்றைய வரிசையோடு இணைத்தது. ஜெர்மனியின் ஓக், பைன் கட்டைகளைக் கோத்த சங்கிலி இன்று 12,000 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. லால்பாக்கில் கிடத்தியிருக்கும் திருவக்கரைக் கல்மரத்துக்கு இரண்டு கோடி ஆண்டு வயது சொல்கிறார்கள். அதை எந்தச் சங்கிலியிலும் மாட்ட வழியில்லை.

பொருத்தியபின் ஒவ்வொரு வளையத்தையும் 0.01 மி.மீ. அல்லது 0.001 மி.மீ. துல்லியத்துக்கு அளந்து கணினியில் ஏற்றுகிறார்கள். கோஃபெச்சா என்ற நிரல் ஒவ்வொரு குச்சியையும் 50 ஆண்டுத் துண்டுகளாக, 25 ஆண்டு மேற்பொருந்த, மற்றவற்றின் சராசரியோடு ஒப்பிடும். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவான ஒட்டுறவு 0.3281-க்குக் கீழே போனாலோ, துண்டைப் பத்தாண்டுக்குள் முன்னே பின்னே நகர்த்தினால் பொருத்தம் கூடினாலோ எச்சரிக்கும். நிரல் சொன்னதற்காகக் கட்டையைப் பார்க்காமல் ஒரு வளையத்தைச் சேர்ப்பதும் நீக்குவதும் இந்தத் துறையில் பெரும்பாவம்.

அடுத்த சிக்கல் வயது. மையத்திலிருந்து 5 செ.மீ. தூரத்தில் 6 மி.மீ. அகல வளையம் போட எவ்வளவு கட்டை வேண்டுமோ, 30 செ.மீ. தூரத்தில் அதே கட்டைக்கு 1 மி.மீ. அகலம்தான் கிடைக்கும். மழை குறையாமலேயே வளையம் ஒடுங்கும். ஆகவே ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வயது வளைகோடு வரைந்து, அளந்த அகலத்தை அந்தக் கோட்டின் அகலத்தால் வகுக்கிறார்கள். கிடைக்கும் குறியெண் 1-க்கு மேலே என்றால் வயதுக்கு மீறிய வளர்ச்சி. ஆனால் வளைகோடு அளவுக்கு மேல் நெளிந்தால் வயதோடு சேர்ந்து காலநிலையின் மெதுவான ஏற்ற இறக்கமும் அழிந்துபோகும். நூறாண்டு மரங்களை எத்தனை கோத்தாலும் முந்நூறாண்டு நீளும் ஒரு மாற்றம் அவற்றில் தெரியாமல் போவது இதனால்தான்.

கடைசியில் மழைமானியோடு ஒப்பீடு. இந்தியப் பருவமழைக்கு 1871 முதல் தொடர்ச்சியான அளவு இருக்கிறது. அதில் பாதிக் காலத்தை வைத்து வளையத்துக்கும் மழைக்குமான சமன்பாட்டைக் கட்டி, மீதிக் காலத்தில் அதைச் சோதிக்கிறார்கள். வெறும் சராசரியைச் சொல்வதைவிட மேலான விடை வராவிட்டால் அந்த வரிசையை ஒதுக்க வேண்டியதுதான். தேறிய வரிசைக்கும் ஓர் ஓரவஞ்சனை உண்டு: வறட்சியைத் தெளிவாகச் சொல்லும், வெள்ளத்தைச் சொல்லாது. வேர் நிறையக் குடித்தபின் கூடுதல் மழை கூடுதல் கட்டையாவதில்லை.

கேரளத் தேக்குகளிலிருந்து புனே வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1481 முதல் 2003 வரை, 523 ஆண்டுகளுக்கு ஒரு வரிசை கட்டியிருக்கிறார்கள், 2010-இல் வெளிவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவோடு மழை குறைந்த ஆண்டுகளில் குறுகிய வளையங்கள் அடிக்கடி வருகின்றன. அதே 2010-இல், ஆசியாவெங்கும் முந்நூறுக்கு மேற்பட்ட வரிசைகளைக் கோத்த பருவமழை ஆசிய வறட்சி வரைபடத் தொகுப்பும் வந்தது. தாது வருஷப் பஞ்சத்தை உள்ளடக்கிய 1876-78 வறட்சி அதில் இந்தியாவோடு நிற்காமல் ஆசியாவின் பெரும்பரப்பில் விரிகிறது. சென்னை மாகாணத்தையும் மைசூர் சமஸ்தானத்தையும் ஒன்றாக வாட்டிய பஞ்சத்துக்குப் பின்னால் பசிபிக் கடலின் சூடு இருந்தது. வறட்சி பஞ்சமாகப் பெருகியதில் அன்றைய ஆட்சிக்கும் பங்குண்டு. மரம் அந்தக் கணக்கை எழுதி வைக்காது.

அகலம் மட்டும் போதாதபோது வேதியியல். வளையத்தைச் சவரத்தகடால் பிரித்து, அமிலம் சேர்த்த சோடியம் குளோரைட்டில் லிக்னினை நீக்கி, 17 விழுக்காடு சோடியம் ஹைட்ராக்சைடில் கழுவினால் வெண்மையான செல்லுலோஸ் மிஞ்சும். அதில் கனமான ஆக்சிஜன் வகையான ஆக்சிஜன்-18 எவ்வளவு என்று நிறை நிறமாலைமானி சொல்லும். பலத்த மழை பெய்த பருவத்தில் அது குறைகிறது. தென்மேற்கு மழையைவிட வடகிழக்கு மழையில் இன்னும் குறைவு. எனவே ஒரே வளையத்தை மெல்லிய சீவல்களாக்கினால் எந்தப் பருவத்து நீரைக் குடித்து அந்தக் கட்டை வளர்ந்தது என்றுகூடப் பிரிக்க வாய்ப்பிருக்கிறது. இரண்டு மழையும் பெறும் பெங்களூருப் பக்கத்துக் காடுகளுக்கு இது மிகவும் பொருந்தும்.

இத்தனைக்கும் பழைய கட்டை வேண்டும். பெங்களூரில் பழைய பங்களா இடிக்கப்படும்போது தேக்கு உத்தரங்களும் கைமரங்களும் பழைய மரக்கடைக்குப் போய், மறு அறுவையில் புதிய கதவாகின்றன. ஆசாரி முதலில் சீவித் தள்ளுவது வைரத்துக்கு வெளியே இருக்கும் வெள்ளையை. பூச்சி அரிக்கும் என்பதால் அது நியாயம்தான். ஆனால் மரம் வெட்டப்பட்ட ஆண்டு அந்த வெள்ளையின் வெளி ஓரத்தில்தான் இருக்கிறது. அது போய்விட்டால் 'இந்த ஆண்டுக்குப் பின் எப்போதோ' என்பதற்கு மேல் சொல்ல முடியாது. செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களுக்கும் இதே கதி. கடைசலில் வெள்ளை போய்விட்டது, ஒப்பிடவும் மியான்மர்த் தேக்கின் வரிசை வேண்டும். உத்தரம் அறுவைக்குப் போகுமுன், சுவருக்குள் புதைந்திருந்த முனையைப் பார்ப்பது நல்லது. இழைப்புளி படாமல் வெள்ளை ஒட்டியிருக்க வாய்ப்புள்ள இடம் அதுதான். அங்கே 5 செ.மீ. தடிமனில் ஒரு வில்லை அறுத்து, எந்த வீட்டில் எந்த மூலையில் இருந்தது என்று அதன்மேலேயே எழுதி வைக்க வேண்டும்.