துவர்ப்பு நாக்கின் வேலையல்ல

சிவப்பு ஒயினை முதன்முறை குடிப்பவர்கள் பெரும்பாலும் முகத்தைச் சுளிக்கிறார்கள். திராட்சையில் செய்தது ஆயிற்றே என்று இனிப்பை எதிர்பார்த்த வாயில், ஈறும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடிக்கின்றன. இந்த உணர்வுக்குத் தமிழில் கச்சிதமான சொல் இருக்கிறது: துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாக அதை எண்ணிப் பழகியிருக்கிறோம். உடலியல் ஆய்வாளர்களில் பலரோ அதைச் சுவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தொடு உணர்வு என்கிறார்கள். வாய்க்குள் நடப்பதைப் பார்த்தால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

உமிழ்நீர் வெறும் தண்ணீர் அல்ல. அதிலுள்ள புரதங்கள் நாக்குக்கும் கன்னத்துக்கும் வழவழப்பான பூச்சைத் தருகின்றன. ஒயினில் இருக்கும் டானின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் இந்தப் புரதங்களை, குறிப்பாகப் புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்தவற்றை, பற்றிப் பிணைத்துத் திரித்துவிடுகின்றன. பால் திரிவதைப் போல உமிழ்நீர் திரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பூச்சு குலைந்ததும் நாக்கு அண்ணத்தில் உரசுகிறது, எண்ணெய் வற்றிய கீலைப் போல. வாயில் ஈரத்துக்குக் குறைவில்லை; ஆனாலும் வறண்டுவிட்டதாகத் தோன்றுகிறது. நெடுநேரம் ஊறிய, பால் சேர்க்காத தேநீரில் வருவதும் இதே உரசல்தான்.

இனிப்பைத் தொடர்ந்து சுவைத்தால் மங்கும். துவர்ப்போ மிடறுக்கு மிடறு ஏறும். புதிய உமிழ்நீர் ஊறிப் பூச்சைச் சரிசெய்வதற்குள் அடுத்த மிடறு வந்துவிடுகிறது. ஆகவே அவசரமாக நான்கு மிடறு குடித்துவிட்டு 'கரடுமுரடான ஒயின்' என்று தீர்ப்பு எழுதுவது ஒயினுக்குச் செய்யும் அநியாயம். நடுவில் ஒரு துண்டு பாலாடைக்கட்டி சாப்பிட்டால் அதே ஒயின் இளகிவிடும். டானின் பற்றிக்கொள்ள அதன் புரதமும் கொழுப்பும் கிடைக்கின்றன. நம் உமிழ்நீர் தப்பிக்கிறது.

பெரும்பாலான கருந்திராட்சைகளைப் பிழிந்தால் வரும் சாறு ஏறக்குறைய நிறமற்றது. தோலையும் விதையையும் நீக்காமல் அப்படியே நொதிக்க விடுவதால்தான் ஆந்தோசயனின் என்ற நிறமியும் டானினும் சாற்றில் இறங்குகின்றன. நிறமும் துவர்ப்பும் ஒரே இடத்திலிருந்து வரும் உடன்பிறப்புகள். ஓக் பீப்பாயில் வைத்தால் மரமும் தன் பங்குக்குக் கொஞ்சம் டானின் சேர்க்கும். பினோ நுவா வகைத் திராட்சையில் துவர்ப்பு பொதுவாக மென்மை. கேபர்னே சாவின்யோன் வாயை நன்றாகவே இறுக்கும். ஆண்டுகள் செல்லச்செல்ல டானினும் நிறமியும் தமக்குள் பிணைந்து பெரிதாகின்றன. ஒரு பகுதி வண்டலாக அடியில் படிகிறது, ஊதா கலந்த சிவப்பு செங்கல் நிறத்துக்கு மாறுகிறது. பழைய பாட்டிலின் அடியில் வண்டலைக் கண்டு கெட்டுவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம். அதற்காக எல்லா ஒயினும் பழகப்பழகச் சிறக்கும் என்றும் எண்ண வேண்டாம். பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் குடித்து முடிக்கவே தயாரிக்கப்படுகின்றன.

கோப்பையைச் சுழற்றிவிட்டு, உள்சுவரில் கண்ணீர்க் கோடுகளாக வழியும் துளிகளைக் காட்டி 'உயர்ந்த சரக்கு' என்று தலையாட்டுபவர்களை எல்லா விருந்திலும் பார்க்கலாம். தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. சுவரில் படிந்த மெல்லிய படலத்தில் ஆல்கஹால் முதலில் ஆவியாகிறது. அங்கே பரப்பு இழுவிசை கூடி, கீழிருந்து திரவத்தை மேலே இழுக்கிறது. சேர்ந்த எடை தாங்காமல் துளி வழிகிறது. 1855-லேயே ஜேம்ஸ் தாம்சன் இதை விளக்கிவிட்டார். சுழற்றுவதில் உண்மையான பயன் வேறு: பரப்பு விரிந்து மணம் எளிதாக எழும்புகிறது.

அந்த மணம்தான் பெரிய பங்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு வாயில் வைத்துப் பாருங்கள்: புளிப்பு, சற்றே கசப்பு, துவர்ப்பு, ஆல்கஹாலின் சுரீர், அவ்வளவுதான். விரலை எடுத்ததும் செர்ரியும் புகையும் வெனிலாவும் வந்து சேர்கின்றன. தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் ஆவியை மூளை வாயின் கணக்கில் எழுதிவிடுகிறது. வெனிலா மணம் கற்பனையும் அல்ல. ஓக் மரம் வெனிலின் என்ற அதே சேர்மத்தை ஒயினுக்குத் தருகிறது.

ஷிராஸ் ஒயினில் மிளகு வாசனை வருவதாகச் சொல்வார்கள். ரொட்டண்டோன் என்ற சேர்மமே காரணம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் கண்டறிந்தார்கள். மிளகிலும் மணப்பது அதுதான். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும். ஆனால் அவர்களுடைய சோதனையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, அதைவிடப் பன்மடங்கு கலந்தும் வாசனையே தெரியவில்லை. மிளகு இருக்கிறது, இல்லை என்று ஒரே மேசையில் சண்டை போடும் இருவருமே உண்மை பேசுபவர்களாக இருக்கலாம்.

மூக்கையும் ஏமாற்றக்கூடியது கண். பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் இயல் படித்த 54 மாணவர்களிடம், மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்து அதன் மணத்தை விவரிக்கச் சொன்னார்கள். 2001-இல் வெளியான அந்த ஆய்வின்படி, சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களையே அவர்கள் பெரிதும் எடுத்தாண்டார்கள். இதைப் படித்துவிட்டு ஒயின் ரசனையே பொய் என்று சிரிப்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அந்த மாணவர்களிடம் கேட்கப்பட்டது மணம். கண்ணைக் கட்டிக்கொண்டு சிவப்பு, வெள்ளை ஒயின் இரண்டையும் ஒரே குளிர்ச்சியில் குடித்துப் பாருங்கள். மூக்கு தடுமாறினாலும், இரண்டாவது மிடறில் சிவப்பின் துவர்ப்பை ஈறு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.