சரம்: பூக்கடையிலிருந்து கணினிக்கு

சவுத் பிரிட்ஜ் ரோட்டிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் அஞ்சல் குறியீடு 058793. சிங்கப்பூர்க் கோயில்களின் படங்களை அஞ்சல் குறியீட்டு வரிசையில் அடுக்கிவைக்கலாம் என்று, கோப்பு மேலாளர் மென்பொருளில் ஒரு சிறு நிரல் எழுதி ஓடவிட்டேன். மாரியம்மன் கோயில் படம் 58793 என்று வந்து நின்றது. முன்னால் இருந்த சுழியைக் காணோம். பிழை மென்பொருளுடையது அல்ல. அஞ்சல் குறியீட்டை எண்ணாக எடுத்துக்கொள் என்று சொன்னது நான்தான். எண்ணுக்கு முன்னால் சுழி இருந்தால் என்ன, போனால் என்ன? அதை 'ஸ்ட்ரிங்' என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஸ்ட்ரிங் என்றால் தமிழில் சரம். எழுத்து, இலக்கம், இடைவெளி, நிறுத்தக்குறி என எதுவானாலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த வரிசை. கூட்டிக் கழிக்கப் பயன்படாத இலக்க வரிசையெல்லாம் சரம்தான் என்பது என் கணக்கு. இரண்டு அஞ்சல் குறியீடுகளைக் கூட்டி யாருக்கு என்ன லாபம்?

ஆங்கிலச் சொல்லுக்கு முதல் பொருள் கயிறு. கயிற்றில் கோத்த மணி வரிசைக்கும் அதே பெயர் வந்தது. 1918-ல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் சி. ஐ. லூயிஸ், குறியீட்டுத் தருக்கம் பற்றி எழுதும்போது, தாளில் வரிசையாக இட்ட குறிகளை இந்தச் சொல்லால் சுட்டினார். கணினிக்காரர்கள் கைக்கு அது அப்புறம்தான் வந்தது. 1960-ல் வெளியான அல்கால் 60 என்ற நிரல் மொழியின் வரையறையில் அது இருக்கிறது. சில ஆண்டுகளில் பெல் ஆய்வகத்தில் பிறந்த ஸ்னோபால் மொழிக்குச் சரங்களைக் கையாள்வதே முழுநேர வேலை.

தமிழில் சரம், சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவில் தினமும் புழங்கும் சொல். பஃப்ளோ ரோட்டுப் பூக்கடையில் மல்லிகைச் சரம் கேட்டால் யாரும் அகராதியைத் தேட மாட்டார்கள். சரவெடியும் இதே சரம்தான். 1972-லேயே இங்கே பட்டாசுக்குத் தடை வந்துவிட்டதால், சிங்கப்பூரில் வளர்ந்த பலருக்கு அது திரையில் பார்த்த சங்கதி. ஆனால் 'சரமாரியாகக் கேள்வி கேட்டார்' என்கிறோமே, அந்தச் சரம் வேறு. அது அம்பு, சரமாரி என்றால் அம்பு மழை. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

மாலை என்று ஏன் சொல்லவில்லை? மாலை கழுத்தைச் சுற்றி வளையும். பூச்சரத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, கணினிச் சரத்துக்கும் உண்டு. சி மொழியில் சரத்தின் கடைசியில் ஒரு சுழிக்குறி நிற்கும். பூக்காரர் கடைசியில் போடும் முடிச்சு மாதிரி. அது இல்லாவிட்டால் நிரல் எங்கே நிற்பது என்று தெரியாமல் பக்கத்து நினைவகத்தையும் சேர்த்துப் படித்துக்கொண்டே போகும். ஓர் எழுத்தும் இல்லாத சரம் வெற்றுச் சரம்: நார் இருக்கிறது, பூ இல்லை.

'கோவை' என்று வைத்திருக்கலாமே என்பார்கள் சிலர். நல்ல சொல்தான், ஆனால் கேட்டவுடன் ஊர்ப்பெயர் முந்திக்கொள்ளும். அதோடு, கோத்தல் என்ற அந்த வேரிலிருந்து 'கோப்பு' ஏற்கெனவே வந்துவிட்டது. அதில் ஒரு வேடிக்கை: ஆங்கிலத்தின் 'ஃபைல்' நூலிழையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. அந்தக் காலத்தில் தாள்களை நூலிலோ கம்பியிலோ குத்திக் கோத்துவைத்தார்கள். ஆக, கோப்பின் பெயரைச் சரமாக எடுத்துத் திருத்தும்போது இரண்டு மொழியிலும் நாம் நூலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது கோப்பு மேலாளர்களின் நிரல் மொழிகளில் சரத்துக்கென்றே கட்டளைகள் இருக்கின்றன: நீளம் அளக்க, நுனி நறுக்க, இடையில் வெட்டியெடுக்க, தலைகீழாக்க. தமிழ்ப் பெயர்களில் இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஓடவிடாதீர்கள். 'சிங்கப்பூர்' நமக்கு ஆறு எழுத்து. கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் அது பதினொன்று; இகரக் குறி, ஊகாரக் குறி, புள்ளி எல்லாம் தனித்தனிப் பூக்கள். முதல் மூன்றை வெட்டு என்றால் 'சிங்க' வராது, 'சிங' வரும். நீளத்தை நினைவக அலகான பைட்டில் அளக்கும் மொழியானால், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் எடுக்கும் யூடிஎஃப்-8 கணக்கில் முப்பத்து மூன்று என்று சொல்லும். தலைகீழாக்கினால் புள்ளி முதலில் போய், ஒட்ட எழுத்தில்லாமல் அந்தரத்தில் தொங்கும்.

எண் கட்டளைகளில் இவ்வளவு வம்பு இல்லை. தசமத்தை வெட்டுவது, அருகிலுள்ள மதிப்புக்கு நகர்த்துவது போன்றவை. 2002-ல் ஒரு காசு நாணயம் வெளியிடுவது நின்றபின் சில்லறையை ஐந்து காசுக்குச் சரிக்கட்டுகிறோமே, அதே வேலை. எனக்கு உதவியது, குறிப்பிட்ட நீளம் வரும்வரை முன்னால் சுழி நிரப்பும் கட்டளை. இங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு எண்ணில் ஐந்தாம் மாடியை 05 என்று எழுதுகிற வழக்கம்தான் அது. நீளம் ஆறு என்று கொடுத்தேன். சுழி சேர்ந்ததும் எண் மறுபடி சரமானது. மாரியம்மன் கோயில் 058793-க்குத் திரும்பியது.